சிறு மோட்டார் வண்டியும் அதன் வெப்பநோயும்

மனித உடலுக்கு இயல்பான வெப்பநிலை ஒன்று உண்டு. அது சிறிது ஏறினும் காய்ச்சல் என்று கவலைப்படுகின்றோம்; மிக இறங்கினும் அஞ்சுகின்றோம். மோட்டார் வண்டியின் இயந்திரமும் இவ்வாறானதே. அதற்கும் உரிய வெப்பநிலை ஒன்று உண்டு. அந்நிலையில் அதனைக் காத்து வருவோர்க்கு அது நெடுங்காலம் உழைக்கின்றது. காவாதார்க்கு ஒரு மணி நேரத்தில் அழிந்து போகின்றது.

எம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் சொந்தமாகச் சிறு கார் வைத்திருப்பவர். சிலர் வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பவர். இன்று படிக்கும் மாணவருள்ளும் இயந்திரத் தொழிலை நாடிச் செல்ல இருப்பவர் உளர். 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் சில ஆண்டுகள் வாகன இறக்குமதி இந்நாட்டில் நிறுத்தப்பட்டிருந்தபோது, கையிலுள்ள வண்டியைக் காத்துக்கொள்வதே பெரும் பொருளீட்டல் என்பதை அனைவரும் உணர்ந்தனர். ஆதலின் இவ்விழா மலரில் இயந்திரத்தின் வெப்பத்தைப் பற்றியும், அது மிகுவதற்கான காரணங்களைப் பற்றியும் சில கூற எண்ணினோம். தமிழாசிரியர்க்கு இயந்திரத்தோடு என்ன தொடர்பு என்று வினவுவார் இருக்கலாம். நாள்தோறும் கையாளும் பொருளைப் பற்றித் தாய்மொழியில் விளங்கச் சொல்ல இயலும் என்று காட்டுவதும் தமிழாசிரியர் கடமைகளுள் ஒன்று என்பதே எமது விடை. இயந்திர உறுப்புக்களின் பெயர்களைப் பட்டறைகளில் வழங்குமாறே எழுதுகின்றோம். விஞ்ஞானக் கருத்துக்களுக்கு எமது பாடநூல்களிற் பயிலும் சொற்களைக் கொண்டோம்.

வெப்பம் எங்கிருந்து வருகின்றது?

இயந்திரத்தின் உருளைக்குள் பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்து எரியும்போது வாயுவின் வெப்பநிலை ஒரு கணம் 2000 பாகை சதமவளவைக்கு மேல் உயர்கின்றது. வார்ப்பிரும்பு ஏறக்குறைய 1200 பாகையிலும், பிஸ்ரன் செய்யப்படும் அலுமினியம் 660 பாகையிலும் உருகுவன. ஆகவே எரியும் வெப்பத்தை உலோகத்தினின்றும் விரைவாக வெளியேற்றாவிடின் இயந்திரம் தன்னையே உருக்கிக்கொள்ளும் என்பது வெளிப்படை.

எரியும் பெற்றோலின் சத்து முழுவதும் வண்டியை ஓட்டுவதற்குப் பயன்படுவதில்லை. பழைய சிறு இயந்திரங்களில் ஏறக்குறைய நாலிலொரு பங்கே சில்லுகளைச் சுழற்ற உதவுகின்றது. ஒரு பெரும் பங்கு புகைக்குழாய் வழியே போய்விடுகின்றது. ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இயந்திரத்தைச் சூழ்ந்துள்ள நீரிற் சேருகின்றது. இதன் அளவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது நீரிற் சேரும் வெப்பம், கிணற்றிலிருந்து அள்ளிய நீரில் ஏறக்குறைய 30 லீற்றரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு ஏறக்குறைய 20 மைல். இரண்டரை லீற்றர் பெற்றோலில் அத்தூரத்தைக் கடக்கும் சிறு கார், ஒரு மணி நேரத்துக்குள் எழுபது எண்பது லீற்றர் நீரைக் கொதிக்க வைக்கும் வெப்பத்தை வழிநெடுகக் காற்றிலே கொட்டிச் செல்கின்றது. இத்துணையும் கைப்பெட்டியளவான ஒரு றேடியேற்றர் வழியாகவே நிகழ்கின்றது. அது ஒரு நாழிகை தன் கடமையிற் தவறின் விளைவு என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நீரின் பணி

வெப்பத்தைச் சுமப்பதற்கு நீரினும் சிறந்த மலிவான பொருள் வேறில்லை. அதன் தன்வெப்பக் கொள்ளளவு இரும்பினதைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு. 1886 ஆம் ஆண்டிலே காள் பென்ஸ் என்னும் ஜேர்மானியர் அமைத்த முதல் மோட்டார் வண்டியிலும் நீரே வெப்பத்தை நீக்கியது. ஆனால் அதிலே நீர் கொதித்து ஆவியாகிப் போக, வழியிலே நீரை ஊற்றிக்கொண்டே செல்ல வேண்டியிருந்தது. 1900 ஆம் ஆண்டளவில் வில்கெல்ம் மைபாக் என்பவர் மெர்சிடிஸ் வண்டிக்கெனத் தேன்கூடு போன்ற றேடியேற்றர் ஒன்றை ஆக்கினார். 8070 சிறு குழாய்களால் ஆன அது, அதே நீரை மீண்டும் மீண்டும் குளிரச் செய்து பயன்படுத்தும் வழியைத் திறந்துவிட்டது. இன்றைய றேடியேற்றர்கள் யாவும் அதன் வழிவந்தனவே.

எம்மவர்க்கு நன்கு பழகிய மொறிஸ் மைனர் காரைக் கொண்டு மேற்கொண்டு விளக்குவோம். சேர் அலெக் இசிகோனிஸ் அமைத்த இக்கார் 1948 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதற் பிரித்தானியக் கார் இதுவே. 1971 ஆம் ஆண்டில் இதன் ஆக்கம் நின்றுபோனது. எனினும் இன்றும் இலங்கைத் தெருக்களில் இது ஓடுகின்றது. தொடக்கத்தில் வந்த 918 கன சதமமீற்றர் இயந்திரத்துக்கு நீர்ப்பம்பியே இருக்கவில்லை. சூடான நீர் பாரங் குறைந்து மேலெழுந்து றேடியேற்றரின் தலைக்குச் செல்லும். அங்கே குளிர்ந்து பாரமடைந்து கீழிறங்கி மீண்டும் இயந்திரத்தினுட் புகும். ஆய்வுகூடத்தில் மாணவர் கண்ணாடிக் குடுவையில் மைத்துளி விட்டுப் பார்க்கும் மேற்காவுகையே இங்கு நீரை ஓட்டியது. 1952 ஆம் ஆண்டின் பின் வந்த 803 கன சதமமீற்றர் இயந்திரத்திலும், 1956 இல் வந்த 948 இலும், 1962 இல் வந்த 1098 இலும் நீர்ப்பம்பி இடம்பெற்றது. பம்பியின் தண்டிலேயே விசிறி பொருத்தப்பட்டது. ஒரே பெல்ற் பம்பியையும் விசிறியையும் டைனமோவையும் சுழற்றியது.

இவ்வமைப்பில் இன்னும் இரண்டு உறுப்புக்கள் உள. அவை சிறியன, ஆனால் மிகப் பலரால் தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டன. ஆதலின் அவற்றைச் சற்று விரித்துக் கூறுவோம்.

முதலாவது தேர்மோஸ்ரற். இது இயந்திரத்துக்கும் றேடியேற்றருக்கும் இடையே வாயில்காவலன் போல இருப்பது. இதனுள்ளே உள்ள மெழுகு ஏறக்குறைய 82 பாகைக்கு மேல் உருகி விரிந்து வாயிலைத் திறக்கும். அதுவரை நீர் றேடியேற்றருக்குச் செல்லாது. "எம்முடையது வெப்பநாடு, இங்கே இது எதற்கு?" என்று இதனைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் எமது பட்டறைகளில் வேரூன்றியுள்ளது. இது தவறு. குளிர்ந்த இயந்திரத்தில் பெற்றோல் நன்றாக ஆவியாவதில்லை. ஆவியாகாத பெற்றோல் உருளைச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிட, உருளையும் பிஸ்ரன் வளையங்களும் தேய்கின்றன. எரிபொருளும் வீணாகின்றது. 1990 ஆம் ஆண்டின் பின் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், சிறிது பெற்றோலால் இயக்கி எழுப்பிய பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களை மூத்தோர் மறந்திரார். இயந்திரம் சூடேறிய பின்பே மண்ணெண்ணெய் ஒழுங்காக எரிந்தது. அளவான சூடு இயந்திரத்துக்குத் தேவை என்பதற்கு அதனிலும் நல்ல சான்று வேண்டா. அவ்வெண்ணெய் உருளைக்குள் அடித்து எரியும் இயல்பினாற் பிஸ்ரன்களைச் சுட்டுக் கெடுத்ததும் உண்மையே. வெப்பம் மிகுவதும் குறைவதும் இரண்டும் கேடு என்பதை அக்காலம் எமக்குக் கற்பித்தது.

இரண்டாவது றேடியேற்றரின் மூடி. இது வெறும் மூடியன்று. அமுக்கத்தைக் காக்கும் கருவி. அமுக்கம் கூடக் கொதிநிலையும் கூடும். அக்காலச் சிறு கார்கள் பலவற்றில் சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கத்தைத் தாங்கும் மூடி இருந்தது. அதனால் நீரின் கொதிநிலை 100 பாகையிலிருந்து ஏறக்குறைய 111 அல்லது 112 பாகைக்கு உயரும். மூடியின் இறப்பர் வளையம் வெடித்துப்போனால் இந்நன்மை இல்லாதொழியும். சமவெளியில் ஒரு குறையுமின்றி ஓடிய வண்டி மலையேறும்போது கொதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நுவரெலியா கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1870 மீற்றர் மேலே உள்ளது. வளிமண்டல அமுக்கம் அங்கு குறைவாதலின் திறந்த பாத்திரத்திலுள்ள நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். கடும் ஏற்றத்திலே வெப்பம் மிக, கொதிநிலையோ தாழ, மூடியும் பழுதாயிருந்தால் வண்டி எவ்வாறு தாங்கும்?

எமது கிணற்று நீர்

குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல் என்பதைப் புவியியல் பயிலும் மாணவர் அறிவர். அக்கல்லினூடே ஊறிவரும் நீரிற் கல்சியம் இருகாபனேற்று கரைந்துள்ளது. நீர் சூடாகும்போது காபனீரொட்சைட்டு வெளியேற, கரையாத கல்சியம் காபனேற்று படிகின்றது. தேநீருக்கு வெந்நீர் வைக்கும் கேத்திலின் அடியில் வெண்ணிறமாய்த் தடித்திருப்பது இதுவே. கேத்திலில் நிகழ்வது இயந்திரத்தினுள்ளும் நிகழ்கின்றது. ஒரு வேறுபாடு: கேத்திலை எட்டிப் பார்க்கலாம்; இயந்திரத்தினுள்ளே பார்க்க இயலாது.

இப்படிவு வெப்பத்தைக் கடத்துவதில் இரும்பினும் பல மடங்கு தாழ்ந்தது. செம்பினும் பன்னூறு மடங்கு தாழ்ந்தது. மெல்லிய படையாயினும் அது உலோகத்துக்குக் கம்பளி போர்த்தது போலாகும். றேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களை அது மெல்ல மெல்ல அடைத்தும் விடும். கடற்கரையை அண்டிய கிணறுகளின் உவர்நீர் இன்னும் கொடியது. அதிலுள்ள உப்பு உலோகத்தை அரிக்கின்றது. ஒரு முறை நிரப்பிய நீரால் வரும் தீங்கு சிறிது. ஆனால் ஒழுகும் வண்டிக்கு நாள்தோறும் புதுநீர் ஊற்றுவோர் நாள்தோறும் புதுச் சுண்ணாம்பையும் ஊற்றுகின்றனர். ஒழுக்கை அடைக்காமல் நீரை ஊற்றிச் சமாளிப்பதால் ஈற்றில் இழப்பே மிகும்.

மாரிகாலத்தில் ஓட்டிலிருந்து நேரே ஏந்திய தெளிந்த மழைநீர் கிணற்று நீரினும் சிறந்தது. காய்ச்சி வடித்த நீர் அதனினும் சிறந்தது. எனினும் இரும்பும் அலுமினியமும் செம்பும் ஒரே நீரில் நனைந்திருக்கும் இயந்திரத்தில் மின்கலத்தில் நிகழ்வது போன்ற அரிப்பு நிகழும். ஆகவே அரிப்பைத் தடுக்கும் பொருள் சேர்ந்த குளிர்த்தும் திரவத்தைப் பயன்படுத்துவதே நன்று. கடைகளிற் பச்சையாகவும் சிவப்பாகவும் விற்கப்படும் இதிலே எதிலீன் கிளைக்கோல் என்னும் பொருள் உண்டு. இங்கே உறைபனிக்கு அஞ்ச வேண்டியதில்லையாயினும், அரிப்பைத் தடுப்பதாலும் கொதிநிலையை உயர்த்துவதாலும் இது பயன் தரும். வெவ்வேறு வகைகளைக் கலத்தல் ஆகாது. இது இனிப்புச் சுவையுடைய நஞ்சு. குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாதவாறு வைத்தல் வேண்டும்.

குறிகண்டு குற்றம் அறிதல்

நல்ல வைத்தியர் காய்ச்சலைக் கண்டவுடன் மருந்து கொடுப்பதில்லை. காய்ச்சல் எப்போது வருகின்றது, எப்போது விடுகின்றது என்று வினவுவார். கொதிக்கும் வண்டியையும் இவ்வாறே ஆராய்தல் வேண்டும். எந்நேரத்திற் கொதிக்கின்றது என்பதே முதல் வினா.

திறந்த வெளித்தெருவில் நன்றாக ஓடிச் சந்தையடியில் மெல்ல ஊரும்போது மட்டும் கொதிக்குமாயின், குற்றம் விசிறியைச் சார்ந்தது. வேகமாகச் செல்லும்போது எதிர்க்காற்றே றேடியேற்றரைக் குளிர்விக்கின்றது; மெல்லச் செல்லும்போது விசிறியன்றி வேறு துணையில்லை. பழைய வண்டியிற் பெல்ற் தளர்ந்திருக்கும். இன்றைய சிறு கார்களில் விசிறி மின்சாரத்தால் இயங்குவதாதலின் அதன் மோட்டாரோ, பியூசோ, வெப்பமறிந்து அதனை இயக்கும் ஆளியோ பழுதாயிருக்கும்.

இதற்கு மாறாக, நிற்கையிற் குறையின்றி, வேகத்திலும் ஏற்றத்திலும் மட்டும் கொதிக்குமாயின் றேடியேற்றரின் உட்குழாய்கள் அடைபட்டிருத்தல் கூடும். அன்றியும் கீழ்ப்புற இறப்பர்க் குழாய் பழசாகி மெலிந்து, பம்பி இழுக்கும் வேகத்தில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. நிறுத்திப் பார்க்கையில் அக்குழாய் பழைய உருவை அடைந்துவிடுமாதலின் இது எளிதிற் கண்ணுக்குப் புலப்படாத குற்றம்.

புறப்பட்டுச் சில நிமிடங்களிலேயே இயந்திரம் கொதிக்க, றேடியேற்றர் மட்டும் குளிர்ந்திருக்குமாயின், நீர் ஓடவில்லை என்பது தெளிவு. தேர்மோஸ்ரற் திறவாது இறுகியிருக்கும். அல்லது பம்பி கெட்டிருக்கும். தேர்மோஸ்ரற்றைக் கழற்றி நூலிற் கட்டி அடுப்பிலுள்ள நீரில் தொங்கவிட்டால் நீர் சூடேற அது திறப்பதைக் கண்ணாரக் காணலாம். கொதிநீரிலும் திறவாதது பழுதானது.

வெளியே ஒரு துளியும் சிந்தாமல் நீர் குறைந்துகொண்டே வருமாயின் ஐயுற வேண்டியது உருளைத்தலையின் கஸ்கெற். புகைக்குழாயிலிருந்து இயந்திரம் சூடேறிய பின்னும் வெண்புகை வருதல், எண்ணெய் பால் கலந்தது போல் வெளிறித் தடித்தல், குளிர்ந்த இயந்திரத்தை மூடி திறந்தவாறு இயக்குகையில் றேடியேற்றரினுள் இடையறாது குமிழிகள் எழுதல் ஆகியன அதன் குறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் வண்டியை ஓட்டாது பட்டறைக்குக் கொண்டு சேர்த்தலே அறிவுடைமை.

நீர், விசிறி, பம்பி யாவும் செம்மையாயிருந்தும் கொதிக்குமாயின் வேறிடத்தில் தேட வேண்டும். தீப்பொறி பிந்தி விழுதல், பெற்றோல் குறைந்து காற்று மிகுந்த கலவை, எண்ணெய்க் குறைவு, சில்லிற் பிடித்துக்கொண்டிருக்கும் பிறேக் ஆகியனவும் வெப்பத்தை மிகுவிக்கும்.

மொறிஸ் மைனரின் முகப்பில் வெப்பத்தைக் காட்டும் மானி அமைக்கப்படவில்லை என்பதை அதனை வைத்திருப்போர் நினைவிற் கொள்ள வேண்டும். ஆனால் அங்குள்ள சிவப்பு விளக்கொன்று ஓரளவு உதவும். டைனமோ மின்னை ஆக்காதபோது எரிவது அது. டைனமோவையும் பம்பியையும் ஒரே பெல்ற் சுழற்றுவதால், ஓடிக்கொண்டிருக்கையில் அவ்விளக்கு எரியுமாயின் பெல்ற் அறுந்திருக்கலாம். "பற்றரிக்குத்தான் குறை, வீடு சேர்ந்தபின் பார்ப்போம்" என்று சென்றவர் பலர், வீடு சேருமுன் இயந்திரத்தை இழந்தனர். அவ்வியந்திரத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. பம்பிக்கும் உருளைத்தலைக்கும் இடையே விரலளவான சிறிய இறப்பர்க் குழாய் ஒன்று ஒளிந்து கிடக்கின்றது. மற்றைக் குழாய்களை மாற்றுவோர் இதனை மறந்துவிடுவர். அதுவோ மறவாது வெடித்துவிடும்.

வழியிலே கொதித்தால்

ஆவி எழுவதைக் கண்டதும் "அடுத்த சந்திவரை போவோம்" என்று எண்ணுதல் கூடாது. இன்றைய இயந்திரங்கள் பலவற்றின் உருளைத்தலை அலுமினியத்தால் ஆனது. அது வெப்பத்தில் வளைந்துவிடும். ஒரு மைல் தூரப் பயணத்தை மிச்சம் பிடிக்க எண்ணி ஒரு மாத உழைப்பைக் கொடுக்க நேரும். வாடகைக் கார் ஓட்டுவோர்க்கு அச்செலவோடு, வண்டி பட்டறையிற் கிடக்கும் நாட்களின் வருவாயும் போய்விடும்.

வண்டியை ஓரமாக நிழலில் நிறுத்துக. குளிர்விக்கும் பொறி பூட்டியிருந்தால் அதனை நிறுத்துக. இயந்திரத்தையும் நிறுத்துக. அதன்பின் செய்ய வேண்டியது பொறுத்திருத்தலே. சூடான றேடியேற்றரின் மூடியை ஒருபோதும் திறத்தலாகாது. அமுக்கத்தில் அடைபட்டு 100 பாகைக்கு மேலான சூட்டில் இருக்கும் நீர், மூடி திறந்தவுடனே ஆவியாகச் சீறிப் பாய்ந்து முகத்தையும் கையையும் அவித்துவிடும். கண் இழத்தலும் கூடும். வண்டிக்கு வரும் கேட்டைப் பணத்தால் தீர்க்கலாம். இதனைத் தீர்க்க இயலாது. மேற்புற இறப்பர்க் குழாயை வெறுங்கையாற் பற்றக்கூடிய அளவுக்குச் சூடு தணிய அரை மணி நேரமாவது செல்லும். பின் தடித்த துணியை மூடிமேல் இட்டு, சிறிது திருகி, ஆவி அடங்கிய பின்னரே முழுவதும் திறத்தல் வேண்டும்.

நீர் விடுவதிலும் பொறுமை வேண்டும். சூடான வார்ப்பிரும்பின்மேல் குளிர்நீர் பட்டால் அது வெடிக்கும். இயந்திரம் நன்றாக ஆறிய பின், அதனை இயக்கி மெல்ல ஓடவிட்டு, நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுக. மின்விசிறி பூட்டிய கார்களில் சாவியை எடுத்த பின்னும் விசிறி தானே சுழலத் தொடங்கும் வகை உண்டு. ஆதலாற் கையை அதனருகே வைத்தலாகாது.

வருமுன் காத்தல்

இவ்வளவு துன்பத்தையும் கிழமைக்கு ஐந்து நிமிடம் செலவிட்டுத் தவிர்க்கலாம். காலையில் இயந்திரம் குளிர்ந்திருக்கையில் நீரின் மட்டத்தைப் பார்த்தல். பெல்றின் நடுவே பெருவிரலால் அழுத்தி அது அரை அங்குலமளவே தாழ்கின்றதா என்று நோக்குதல். இறப்பர்க் குழாய்களைப் பிசைந்து வெடிப்பையும் வீக்கத்தையும் தேடுதல். வண்டி நின்ற இடத்தில் நிலம் நனைந்துள்ளதா என்று குனிந்து பார்த்தல். இவை போதும். றேடியேற்றரின் முகத்தில் ஒட்டிய பூச்சி புழுதிகளைப் பின்புறமிருந்து மென்மையாக நீர் அடித்துக் கழுவுதல் வேண்டும். வேகமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்துவிடும். இரண்டாண்டுக்கு ஒரு முறையாவது பழைய நீர் முழுவதையும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புதல் நன்று. அப்போது றேடியேற்றரை மட்டுமன்றி இயந்திரத்தின் உடலிலுள்ள வடிகுழாயையும் திறந்துவிடுதல் வேண்டும். ஏனெனில் சேறும் துருவும் பெரும்பாலும் அங்கேயே தங்குகின்றன.

எம் மாணவர்க்கு ஒன்று கூறி முடிக்கின்றோம். தன்வெப்பக் கொள்ளளவும், மேற்காவுகையும், அமுக்கத்தோடு கொதிநிலை மாறுதலும், வன்னீரின் இரசாயனமும் நீங்கள் சோதனைக்கென மனனம் செய்யும் பாடங்கள். அவை நான்கும் ஒருங்கே உங்கள் தந்தையாரின் காரின் முன்மூடிக்குக் கீழே நாள்தோறும் நடைபெறுகின்றன. அடுத்த விடுமுறையில் ஒரு காலை அம்மூடியைத் திறந்து, மேலே கூறிய உறுப்புக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு அடையாளங் காணுங்கள். இயந்திரம் குளிர்ந்திருக்கின்றதா என்பதை மட்டும் முதலிற் பார்த்துக்கொள்ளுங்கள்.